முறிகண்டிக் கச்சானும் எங்கட வீட்டுச் சில்லறைக் கடனும்

கச்சானுக்கெல்லாம் (நிலக்கடலைதான்) ரிவியூவோ எண்டு சிரிக்கிறாக்கள் சிரிச்சு முடிச்சிட்டு வாங்கோ. போன கிழமை வவுனியாவில இருந்து கிளிநொச்சிக்கு அப்பாவைப் பாக்கப் போகேக்க முறிகண்டியில பஸ் நிண்டது, வழமை போல இறங்கினன், வழமையான கடையில வாங்கினன், வாங்குற இடத்தில என்ர மகன் ஒரு கேள்வி கேட்டுப்போட்டான், அதுக்குக் கடைக்கார அக்கா சொன்ன பதில் இன்னும் மண்டைக்குள்ள நிக்குது. அதால ரிவியூவும் எழுதுறன், கதையும் எழுதுறன், ரெண்டையும் பிரிச்சு எழுத எனக்குத் தெரியேல்லை.

இடம் தெரியாதாக்களுக்கு முதல்ல சொல்லிப்போடுறன். கண்டியில இருந்து யாழ்ப்பாணம் மட்டும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர், அதில மாங்குளம் தாண்டி கிளிநொச்சிக்குப் போக முதல் றோட்டுக் கரையில ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். நல்லூர் மாதிரிக் கோபுரம் மண்டபம் எண்டு தேடாதையுங்கோ. ஆனா அந்தச் சின்னப் பிள்ளையாருக்கு நிக்காத வாகனம் இல்லை, லொறி, பஸ், ஹயஸ் வான், சிங்கள ஆக்கள், முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் நிப்பாட்டி இறங்கி ஒரு தேங்காயை அடிச்சிட்டோ சும்மா ஒரு கும்பிடு போட்டிட்டோதான் போவினம். நிப்பாட்டாமல் போன ஒரு மாமாவுக்கு டயர் வெடிச்ச கதை வடக்கில எல்லா வீட்டிலயும் ஒண்டு இருக்கும். எங்கட வீட்டில அது பெரியப்பா. அந்த டயர் ஏற்கெனவே மொட்டை டயர்தான் எண்டு அப்பா மெல்லமாச் சொல்லுவார், பெரியம்மா இல்லாத நேரமாப் பாத்து.

ரெயில்ல போறாக்களுக்கு இது ஒண்டும் இல்லை. 1990ல நிண்டுபோன ரெயில் 2013ல கிளிநொச்சிக்கும் 2014ல யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப ஓடத் தொடங்கினதில இருந்து கனபேர் சொகுசா நித்திரை கொண்டு போயினம். முறிகண்டி எண்டு ஒரு ஸ்டேசன் போட் ஜன்னலுக்கால போகும், அவ்வளவுதான். நான் இண்டைக்கும் பஸ்தான், காரணம் கச்சான்.

கோயிலைச் சுத்தித் தேங்காய் கற்பூரக் கடையள், அதோட சேந்து கச்சான் கடையள். வெளியால பாத்தா எல்லாம் ஒண்டுதான், ஒரு தகரக் கூரை, ஒரு மேசை, மேசையில மலை மாதிரிக் கோதோட வறுத்த கச்சான், பக்கத்தில அவிச்ச கச்சான், கச்சான் அல்வா, எள்ளுருண்டை, உறைப்புக் கடலை, புழுக்கொடியல். எல்லாக் கடையில இருந்தும் "அக்கா வாங்கோ, சூட்டோட இருக்கு" எண்டு கூப்பிடுவினம். நான் போற கடைக்குப் பேர்ப்பலகையும் இல்லை, கூகிள் மப்பில புள்ளியும் இல்லை, யாழ்ப்பாணப் பக்கம் முகத்தைத் திருப்பி நிண்டா கடைசிக்கு முதல் கடை. கூப்பிடாத கடை எண்டும் சொல்லலாம், அந்த அக்கா கூப்பிடவே மாட்டா, தன்ர பாட்டில வறுத்துக்கொண்டு இருப்பா.

சாமானைப் பற்றிச் சொல்றன். நான் பள்ளிக்கூடத்தில விவசாயம் படிப்பிக்கிற ஆள், அதால கச்சானில கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ. வன்னியில மணல் கலந்த மண்ணுக்குக் கச்சான் நல்ல வடிவா வரும், மாரி மழையோட விதைச்சு தை மாசியில பிடுங்குவினம், அந்த நேரம் வாங்கினா அது வேற ருசி, பாலும் இனிப்புமா இருக்கும். வருசக் கடைசியில வாறது வைச்செடுத்த கச்சான், எண்ணெய்க் கைப்பு மெல்லமா எட்டிப்பாக்கும். இந்த அக்கா வறுக்கிறது மண்ணில, பெரிய இரும்புத் தாச்சியில மண்ணைக் கொதிக்கக் காய விட்டு அதுக்குள்ள கோதோட கச்சானைக் கொட்டிக் கிண்டிக்கொண்டே இருக்கிறா. மண் இல்லாமல் வெறுந் தாச்சியில வறுத்தா ஒரு பக்கம் கருகி மற்றப் பக்கம் பச்சையா இருக்கும், சூடான மண் எல்லாப் பக்கமும் சுத்தி நிக்கிறதால கோது கருக முதல் பருப்புக்குச் சூடு இறங்கிப்போடும். பதம் பாக்கிறது காதால. கோதுக்குள்ள பருப்பு கழண்டு கிலுகிலுக்கிற சத்தம் வந்த உடன அரிதட்டில அள்ளி ஒரு ஆட்டு, மண் கீழ, கச்சான் மேல. சில கடையள்ல வறுத்து முடிய மண்ணும் சேந்து வரும், பல்லில கறுக் கறுக் எண்டும், இங்க அந்தக் கரைச்சல் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. போன கிழமை வாங்கினதில ஒரு பத்துக் கச்சான் அளவில தீய்ஞ்சு போய் இருந்தது, ரெண்டு மூண்டு கறுத்துச் சுருங்கினதும் கிடந்தது. கறுத்துச் சுருங்கினதை வாயில போட்டிட்டீங்கள் எண்டா வெக்கப்படாமல் துப்பிப்போடுங்கோ, பூஞ்சணம் பிடிச்ச கச்சானில அஃப்லாடொக்சின் எண்டு ஒரு நஞ்சு வரும், ஈரலுக்குக் கூடாது, வறுத்தாலும் முழுக்கப் போகாது. (கேக்காமல் பாடம் எடுக்கிறன் எண்டு மனுசன் பேசுறவர், சரி விடுவம்.) விலை 100 ரூவாக்கு ஒரு சரை (பேப்பர்ச் சுருள்), வீட்டுக்குக் கொண்டு போற பை 500. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சரை மெலிஞ்சு போச்சுது, அது அக்காவின்ர பிழை இல்லை, எல்லாத்துக்கும் அப்பிடித்தானே. என்ர பெரிய குறை என்னெண்டா 500 ரூவாப் பையைப் பொலித்தீன்ல கட்டித் தாறது. சூட்டோட பொலித்தீன்ல போட்டா வேர்த்து ஒரு மணித்தியாலத்தில மொறுமொறுப்புப் போயிடும். பேப்பர்ச் சரை கேட்டா மேசைக்குக் கீழ இருந்து எடுத்துத் தருவா, கேக்க வேணும். நான் கேப்பன். எங்கட வீட்டில சரை இல்லாத கச்சான் கச்சானே இல்லை, அதுக்குத்தான் இனி அந்தக் கதை.

1996. ஆடி மாசக் கடைசியில சத்ஜெய எண்டு பேர் வைச்சு ஆனையிறவில இருந்து ஆமி வெளிக்கிட்டு, பரந்தன் போய், புரட்டாசியில கிளிநொச்சியும் போய்ச் சேந்தது. எங்கட வீடு டவுனுக்குக் கிட்ட. எனக்கு அப்ப அஞ்சு வயசு, உண்மையைச் சொன்னா எனக்கு ஒண்டுமே ஞாபகம் இல்லை, ஆனா கேட்டுக் கேட்டு இப்ப எல்லாம் கண்ணால கண்ட மாதிரித்தான் இருக்கு. பெரியப்பாவின்ர உழவு மெசின்ல தையல் மெசின், நெல்லு மூட்டை, கோழிக்கூடு, அம்மம்மா, ரெண்டு ஆடு, அதுக்கு மேல நாங்கள். டீசல் இல்லாத காலம், மண்ணெண்ணெய் கலந்து ஓடின மெசின் புகையைக் கக்கிக் கக்கி முறிகண்டி வரைக்கும் வந்திருக்கு, அதால திரும்பி அக்கராயன் பக்கம் போறதுதான் யோசினை. றோட்டு முழுக்கச் சனம், சைக்கிள், மாட்டு வண்டில், புழுதி. நான் கிளிநொச்சியில தொடங்கின அழுகையை முறிகண்டி வரைக்கும் நிப்பாட்டேல்லையாம், பசியோ பயமோ ஆருக்கும் தெரியாது, பெரியப்பா ரெண்டு தரம் "இறக்கி விடுங்கோ உவளை" எண்டு கத்தினவராம்.

அந்த நேரமும் மெசினை நிப்பாட்டித்தான் இருக்கினம். தேங்காய் இல்லை, கற்பூரம் இல்லை, அப்பா சும்மா கையை எடுத்துக் கும்பிட்டிட்டுத் திரும்ப, ஒரு ஆச்சி குந்தி இருந்தவவாம், முன்னால ஒரு கடகம், கடகத்தின்ர அடியில கொஞ்சக் கச்சான். அவ்வளவு சனமும் ஓடேக்க அவ ஏன் இருந்தவ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. என்னைப் பாத்திட்டு ஒரு சரை சுத்திக் கையில தந்தவவாம், அழுகை அந்த இடத்திலயே நிண்டு போச்சுதாம். அப்பா சேட்டுப் பொக்கற்றுக்க கையை விட, ஆச்சி "இப்ப வேண்டாம் தம்பி, திரும்பி வரேக்க தாங்கோ" எண்டவ.

சரை சுத்தின தாள் ஒரு பிள்ளையின்ர கணக்குக் கொப்பித்தாள். பொருளாதாரத் தடைக் காலம், பேப்பர், கொப்பி எல்லாத்துக்கும் தட்டுப்பாடு, எழுதி முடிஞ்ச கொப்பிதான் கடையளுக்குப் போகும். அதில பெருக்கல் கணக்கு, 27 தர 4, விடை 108, பக்கத்தில சிவப்பு மையில ஒரு சரி. பெரியம்மா இந்த 108ஐப் பிடிச்சவ பிடிச்சவதான். பிள்ளையாருக்கு 108 தேங்காய், 108 மோதகம், பாத்தியே எண்டுவா. அம்மா, "ஓம், வாத்தியார் குடுத்த கணக்கு" எண்டிட்டுக் கறியைக் கிண்டுவா.

பேந்து மல்லாவியில கொட்டில் போட்டு இருந்த வருசங்கள்ல இந்தக் கதைதான் எங்கட ராச்சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள. ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைச்சிட்டு அப்பா சொல்லுவார். எங்க இருந்தாலும் வீட்டுக்குப் போறதைப் பற்றிக் கதைக்கிறதெண்டா நாங்கள் "வீட்டை போவம்" எண்டு சொல்றேல்லை, "ஆச்சிக்குக் காசு குடுக்க வேணும்" எண்டுதான் சொல்றது. அம்மம்மா சாகக் கிடக்கேக்கயும் அப்பாவைக் கூப்பிட்டு ஆச்சிக்குக் காசு குடுத்திட்டியோ எண்டு கேட்டவ. அப்ப இன்னும் குடுக்கேல்லை.

1998 புரட்டாசியில கிளிநொச்சியை விட்டு ஆமி போனது, நாங்கள் உடன போகேல்லை, போகவும் ஒண்டும் மிஞ்சி இருக்கேல்லை, கொஞ்சம் கொஞ்சமாத்தான் போய்ச் சேந்தம். அப்பா முதல் வேலையா சைக்கிளில முறிகண்டிக்குப் போனவர். ஆச்சி இல்லை. விசாரிச்சா ஆச்சி எண்டா எந்த ஆச்சி எண்டு கேட்டிருக்கினம், அதுவும் நியாயம்தானே, பேர் தெரியாது, ஊர் தெரியாது. அப்பா அந்த இடத்தில நிண்டு யோசிச்சிட்டு, பக்கத்தில கச்சான் வித்த ஒரு மனுசியிட்ட ஒரு சரை வாங்கி ரெண்டு சரைக்குக் காசு குடுத்திட்டு வந்திருக்கிறார். அண்டையில இருந்து அதுதான் வழக்கம். 2002 சித்திரை 8ந் திகதி ஏ9 திறந்த பிறகு முறிகண்டியில திருவிழா மாதிரிச் சனம், வெள்ளைக்காரர் கூட இறங்கிக் கச்சான் தின்டவை, அப்பவும் நாங்கள் போகேக்க வரேக்க ஒண்டு வாங்கி ரெண்டுக்குக் காசு. 2006 ஆவணியில திரும்பப் பூட்டினாங்கள்.

2008 கடைசியில ஓடினது கிழக்கால, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு. முறிகண்டிப் பக்கம் இல்லை. அந்த முறை எங்கட வீட்டில ஒருத்தரும் ஆச்சியின்ர கதை கதைக்கேல்லை. அதைப் பற்றி இதில எழுதேல்லை.

2010ல மெனிக் பாம் அகதி முகாமில இருந்து பஸ்ஸில ஏத்தி விட்டவை. அப்பா ஓமந்தை தாண்டினதில இருந்து சீற்றில இருக்கிறார் இல்லை, முறிகண்டியில நிப்பாட்டச் சொல்லிச் சாரதியிட்ட எப்பிடிச் சிங்களத்தில கேக்கிறது எண்டு என்னட்டக் கேட்டுக்கேட்டு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கொண்டு வாறார். கேக்கத் தேவை வரேல்லை, அந்த மனுசன் தானாவே நிப்பாட்டி இறங்கிச் செருப்பைக் கழட்டிட்டார். அண்டைக்கு நிண்ட இடத்திலதான் இப்ப இந்த அக்காவின்ர கடை இருக்கு. குறைஞ்சது அப்பா அப்பிடித்தான் சொல்றார்.

இனி எங்கட வீட்டுச் சண்டையையும் சொல்ல வேணும், மறைச்சா ரிவியூ பொய்யாப் போயிடும். அம்மா சொல்றா அது கச்சான் இல்லை, அவிச்ச கொண்டைக்கடலை எண்டு. சின்ன மாமா சொல்றார் அது முறிகண்டியே இல்லை, மாங்குளச் சந்தி எண்டு, ஆனா அவர் அந்த மெசின்ல வரேல்லை, அவருக்கு வோட் இல்லை. பெரியம்மாவின்ர கதையில மெசின் வெளிக்கிட்ட உடன திரும்பிப் பாத்தா ஆச்சியும் இல்லை கடகமும் இல்லை, வெறும் இடம். எங்கட முல்லைத்தீவுப் பக்க ஆக்களுக்கு இது புதுக் கதை இல்லைத்தானே. வற்றாப்பளையில கண்ணகி ஒரு கிழவியா நந்திக்கடல் கரையில மாடு மேய்ச்ச பெடியளிட்ட வந்து பசிக்குது எண்டு கேட்டு, பெடியள் பொங்கிக் குடுத்து, விளக்குக்கு எண்ணெய் இல்லை எண்ட உடன கடல் தண்ணியை விட்டு எரிக்கச் சொல்லி, தலையில பேன் பாக்கச் சொன்ன இடத்தில தலை முழுக்கக் கண்ணாத் தெரிஞ்சு, பிறகு ஆளைக் காணேல்லை எண்டு சொல்லுவினம். இண்டைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு உப்புத் தண்ணியிலதான் விளக்கு எரியுது. பெரியம்மா வருசா வருசம் அந்தப் பொங்கலுக்குப் போறவ, அவவுக்கு ஒரு கிழவி மறையிறது பெரிய விசயமே இல்லை. அம்மாவிட்ட இதைச் சொன்னா, "மறைஞ்சவவோ? ஷெல் அடிக்குது, அவவும் எழும்பி ஓடியிருப்பா" எண்டுவா. நான் அம்மாவின்ர கட்சி. ஆனா முறிகண்டி வரேக்க ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர் கூச்செறியிறது பிள்ளையாரைப் பாத்து இல்லை, அந்தத் தகரக் கொட்டிலைப் பாத்து, அதுக்கு அம்மாவிட்ட என்ன சொல்றதெண்டு தெரியேல்லை.

சரி, போன கிழமை. என்ர மகனுக்கு எட்டு வயசு, வவுனியாவில பிறந்து வளந்தவன், அவனுக்குப் போனைத் தவிர ஒண்டும் கடவுள் இல்லை. கொண்டக்டர் பத்து நிமிசம் எண்டார், அது அஞ்சு நிமிசம் எண்டு அர்த்தம். ஒரு சரை வாங்கி 200 ரூவா குடுத்தன். அக்கா மிச்சம் தர வர, வேண்டாம் எண்டன். அவவுக்குப் பழகின விசயம், தலையை ஆட்டிட்டு வைச்சிட்டா. இவன் பாத்துக்கொண்டு நிண்டவன், "அம்மா, காசு அந்த ஆச்சிக்குத்தானே குடுக்க வேணும்? இவ அந்த ஆச்சி இல்லையே, இவவுக்கு ஏன் குடுக்கிறீங்கள்?" எண்டான். சத்தமா. பக்கத்துக் கடையும் திரும்பிப் பாத்தது.

நான் மரம் மாதிரி நிக்கிறன். முப்பது வருசக் கதையில இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கேல்லை. அக்கா அகப்பையைத் தாச்சியில சாத்தி வைச்சிட்டு, கையைச் சீலையில துடைச்சுக்கொண்டு, குனிஞ்சு அவனிட்டச் சொன்னா, "அந்த ஆச்சி போகேக்க என்னட்டத்தான் சொல்லிட்டுப் போனவ அப்பன், ஆரும் கொண்டு வந்தா வாங்கி வை எண்டு." முகத்தில சிரிப்பே இல்லை. இவன் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "ஓ" எண்டிட்டான், கணக்குச் சரி வந்த மாதிரி.

அவன் கச்சானோட பஸ்ஸுக்குப் போன பிறகு நான் மெல்லமாக் கேட்டன், அக்கா உண்மையா உங்களுக்கு அந்த ஆச்சியைத் தெரியுமோ எண்டு. "எனக்கெங்க தங்கச்சி தெரியும், நான் முல்லைத்தீவுப் பக்கம், 2012ல இங்க வந்தனான், நான் வரேக்க இதில பத்தைதான். ஆனா உங்கட அப்பா மட்டும் எண்டு நினைக்காதையுங்கோ, இப்பிடிக் கூடக் காசு தந்திட்டுப் போறாக்கள் இன்னும் ரெண்டு மூண்டு பேர் இருக்கினம். ஒராள் கனடாவில இருந்து வருவார், அவருக்கு அது இந்தக் கடை இல்லை, அங்கால மரத்தடிக் கடை, அங்க குடுப்பார். இன்னொரு அம்மா றோட்டுக்கு மற்றப் பக்கம் எண்டுவா." அப்ப எது சரியான இடம் எண்டு கேட்டன். கொண்டக்டர் விசில் அடிச்சிட்டார். அக்கா தாச்சிப் பக்கம் திரும்பிட்டா.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாறன். அரை ஸ்டார் பொலித்தீனுக்கு, அரை தீய்ஞ்சதுக்கு வெட்டு. காலமை பத்து மணிக்கு முதல் போனா முதல் தாச்சிக் கச்சான் கிடைக்கும், பின்னேரம் போனா காலமை வறுத்தது, கேட்டு வாங்குங்கோ. பெரிய நோட்டு நீட்டாதையுங்கோ, சில்லறை இருக்காது. கச்சான் அல்வா வேண்டாம், பல்லைக் கழட்டும்.

வீட்டை போன உடன மகன் செருப்பும் கழட்டாமல் அம்மப்பாவிட்ட ஓடினான், "அம்மப்பா, ஆச்சி போகேக்க அந்தக் கடைக்கார அக்காட்டச் சொல்லிட்டுத்தான் போனவவாம், காசை வாங்கி வைக்கச் சொல்லி!" அப்பா என்னைப் பாத்தார். நான் கேத்தலைப் பாத்தன். அடுப்படியில இருந்து அம்மாவும் ஒண்டும் சொல்லேல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"ரெண்டுக்குக் குடுத்தனியோ பிள்ளை?" எண்டு மட்டும் அப்பா கேட்டார். ஓம் எண்டன். கச்சானைக் கோப்பையில கொட்டிப்போட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சரைத் தாளை மடியில வைச்சு நீவி நீவி விரிச்சார், எப்பவும் செய்யிற மாதிரி. சிங்களத்தில அச்சடிச்ச ஏதோ படிவம், பின்பக்கம் வெறும் வெள்ளை. ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"இதில ஒண்டும் இல்லை" எண்டிட்டு அதை நாலா மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றுக்க வைச்சார்.